ரஃபிலா பிடித்த அளவுகோல்

ஃப்ரசினெட், மரமுரேஷ்
2020 மே 25, திங்கட்கிழமை

அன்புள்ள நஸ்தாசியாவுக்கு,

கவ்ரிலா எழுதிக்கொள்வது. நானும் மகள் இலின்காவும் பசுவும் சுகமாக இருக்கிறோம். நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாவும் காய்ச்சல், இருமல் என்று எதுவும் அண்டாமல் இருக்கவேண்டும் என்று தினமும் காலையில் முகம் கழுவியதும் சிலுவை போட்டுக்கொள்கிறேன்.

பதினொரு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. மகளிடம் மட்டும் பேசுகிறாய். அவள் பேசி முடித்ததும், "அம்மா நல்லா இருக்காங்க, உங்களைப் பத்தி ஒண்ணும் கேக்கல" என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொல்கிறாள். நேற்று அவளே தன் பள்ளிக்கூட நோட்டிலிருந்து பத்துத் தாள்களைக் கிழித்து என் முன்னால் வைத்தாள். "எழுதிக் குடுங்கப்பா. போன்னா கட் பண்ணிடுவாங்க, கடுதாசின்னா ஒரு தடவையாவது படிப்பாங்க" என்றாள். பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து இந்தப் பெண் உன்னைப் போலவே பேச ஆரம்பித்துவிட்டாள். ஆக, வியாழக்கிழமை இத்தாலிக்குக் கிளம்பும் லூப்புவின் வேனில் இந்தக் கடிதமும் வருகிறது. இன்னும் ஆட்களை ஏற்ற அவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பொட்டலங்களை மட்டும்தான் கொண்டுவருகிறான்.

சிமியோனின் மனைவி போனில் உன்னிடம் சொன்னதெல்லாம் உண்மை. அவள் கூட்டிச் சொல்லவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டபின் நீ மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாயாம். "நான் வந்தா உங்கப்பா எனக்கும் கதவைச் சாத்துவாரா?" என்று. இலின்கா அதை அப்படியே வந்து என்னிடம் சொன்னாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நடந்ததை ஒழுங்காகச் சொல்லாமல் பதில் சொன்னால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பமாட்டேன்.

மார்ச் மாதம் எல்லையை மூடுவதற்கு முன்னால் வந்த கடைசி வேனில் ரஃபிலா வந்து இறங்கினாள். உன்னோடு ஒரே ஊரில் வேலை பார்த்தவள், உன் தோழி, சிமியோனின் தங்கை, நம் பழைய மேய்ப்பர் தனிலாவின் மகள். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் அன்று என் கண்ணுக்கு அவள் இத்தாலியிலிருந்து வந்தவள், அவ்வளவுதான். முதலில் அண்ணன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். சிமியோன் வேலிக்கு உள்ளே நின்றுகொண்டே, "வீட்ல வயசானவங்க ரெண்டு பேர் இருக்காங்க, தங்கச்சி. வேற எங்கயாவது பாரு" என்று சொல்லிவிட்டான். அதன்பிறகுதான் பெட்டியை இழுத்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்தாள். கையில் சாவி. நம் புது வீட்டுச் சாவி. நீ கொடுத்தது.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டாயே என்ற கோபம் எனக்கு. அதைவிடப் பெரிதாகப் பயம். டிவியில் உங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளைக் காட்டிக்கொண்டிருந்த நேரம் அது. நான் புல் அள்ளும் கவைக்கோலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். "இலின்கா இருக்கா உள்ள. நீ போயிடு ரஃபிலா" என்றேன். அவள் வாதாடவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். மழையும் பனியும் கலந்து கொட்டியது. மதியத்திலிருந்து இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பீன்ஸ் சூப் குடித்தேன், நஸ்தாசியா. எதையும் மறைக்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கடைசியில் கதவைத் திறந்தது என் மனசாட்சி என்று சொல்ல ஆசைதான். ஆனால் திறக்கவைத்தது போலீஸ்காரர். எல்லையில் அவள் எழுதிக்கொடுத்த விலாசம் நம் வீடு. "ஐயா, சட்டப்படி இவங்க பதினாலு நாள் இங்கதான் இருக்கணும். நீங்க தடுத்தா அபராதம் உங்களுக்குத்தான்" என்றார். அப்படித்தான் ரஃபிலா நம் மேல்மாடிக்குப் போனாள். நானும் இலின்காவும் எப்போதும்போல முற்றத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய மரவீட்டில்.

மூன்று நாள் நான் அவளுக்கு ஒரு கை விறகுகூடக் கொடுக்கவில்லை. ஊர் ஆடுகளின் பெரிய மேய்ப்பர் ஸ்பிரிடோன்தான் ஆட்டுக்கிடைக்குப் போகும்போதும் வரும்போதும் படியில் சோளக்களியும் பாலாடைக்கட்டியும் வைத்துவிட்டு, இருபது அடி தள்ளிப்போய் நின்று ஒரு சீழ்க்கை அடிப்பார். ஒருநாள் என்னைப் பார்த்து, "என்ன கவ்ரிலா, மாடியில ஆள் இருக்கா, இல்ல கோழி அடைச்சு வெச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். காது சூடாகிவிட்டது.

நாலாம் நாள் அவள் மொட்டைப் பால்கனியில் வந்து நின்று கூப்பிட்டாள். அவள் குரல் உனக்குத் தெரியாதா, நாலு தெரு கேட்கும். "கவ்ரிலா அண்ணே, குழாயைத் திறந்தா காத்துதான் வருது. நஸ்தாசியா ஒம்பது வருஷமா அனுப்பின காசு எந்தக் குழாய் வழியாப் போச்சுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்!" என்றாள். பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தான். குழாய் இணைப்பை நான் மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது உனக்கும் தெரியும். மேல்மாடியில் யார் இருக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அன்று மதியமே கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் நிரப்பிக் கயிற்றில் கட்டினேன். அவள் மேலே இழுத்துக்கொண்டாள். அந்த வாளியில்தான் பிறகு சூப்பு, ரொட்டி, விறகு எல்லாம் போனது.

வாளி மேலும் கீழும் போகும்போது பேச்சும் போனது. தான் பார்த்துக்கொண்ட கிழவரைப் பற்றிச் சொன்னாள். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "சாயங்காலம் வந்துடுவேன், காப்பி போட்டு வை" என்று சொல்லிவிட்டுப் போனாராம். திரும்பி வரவில்லை. அவர் பிள்ளைகள் போனிலேயே அழுது, போனிலேயே இவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் பிப்ரவரியில் இவளுக்கும் பத்து நாள் காய்ச்சலாம், காப்பியின் வாசனைகூடத் தெரியவில்லையாம். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு வேலை செய்திருக்கிறாள். நீயும் அப்படித்தான் வேலை செய்கிறாயா? மகளிடம் மறைக்காமல் சொல்.

இங்கே வசந்தம் எப்படிப் போனது என்றும் கேள். கோயிலைப் பூட்டினார்கள். ஈஸ்டருக்குப் பாதிரியார் குதிரைவண்டியில் வந்து வீட்டுக்கு வீடு ஆசீர்வாத ரொட்டியை வேலிக்கம்பில் மாட்டிவிட்டுப் போனார். வியாழச் சந்தை கிடையாது. பால் எடுக்கும் வண்டி இரண்டு வாரம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஈஸ்டர் ஆட்டுக்குட்டிக்கு நகரத்திலிருந்து வியாபாரிகள் வந்து மொய்ப்பார்களே, இந்த வருடம் ஒரே ஒரு லாரிதான் வந்தது. பாதி வீடுகளில் குட்டிகள் அப்படியே நின்று தாயின் பாலைக் குடித்துக்கொண்டிருந்தன. வெளிநாட்டில் கட்டட வேலை, தோட்ட வேலை பார்த்தவர்கள் வெறும் பையோடு திரும்பினார்கள். கோயிலில் சாவுமணி நான்கு முறை அடித்தது. அடக்கத்துக்கு எட்டுப் பேருக்குமேல் போகக்கூடாது என்று சட்டம். மற்றவர்கள் அவரவர் வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்றோம்.

ரஃபிலாவின் பதினான்கு நாள் முடிந்தது. ஆனால் அவள் போகவில்லை. நான் போகச் சொல்லவும் இல்லை. ஏனென்றால் அதற்குள் சிமியோன் நம் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மகன் ஆஸ்திரியாவிலிருந்து வருகிறான், அதே வயசாளிகள் இருக்கும் வீட்டுக்குள் எப்படி விடுவது? "கவ்ரிலா, மாடியில ஒரு ரூம்..." என்று இழுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது. "அனுப்பு அண்ணே. கிழக்கு ரூம்ல அடுப்பு மூட்டி வெக்கிறேன்." சிமியோன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு நான் அவளிடம், உனக்குக் கோபமே வரவில்லையா என்று கேட்டேன். "வந்துச்சு. சூப்ல உப்பைக் கூட்டிப் போட்டேன். பையன் குடிச்சிட்டான், பாவம்" என்றாள்.

அவனுக்குப் பிறகு ஸ்பெயினிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, அதற்குப் பிறகு வேறு சிலர். இதுவரை பதினொரு பேர் நம் மாடியில் இருந்து போயிருக்கிறார்கள். ரஃபிலா எல்லாருக்கும் காய்ச்சல் பார்த்தாள், போர்வைகளைக் கொதிநீரில் போட்டாள், சண்டை போட்டவர்களை அதட்டி உட்காரவைத்தாள். அவள் அதட்டியதால்தான் நான் குழாயையும் இணைத்தேன். இந்த வீட்டைக் கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து முதல்முறையாக மேல்மாடி ஜன்னல் எல்லாவற்றிலும் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். வீடு யாருக்கு என்று நீ கேட்பாயே, அதற்கு எனக்குப் பதில் தெரிந்தது அன்றைக்குத்தான்.

இனிமேல் சொல்லப்போவது எனக்குக் கஷ்டமானது. கொஞ்சம் எழுந்து பசுவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஸ்பிரிடோன் மூச்சுவிட முடியாமல் கிடையில் விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து எடுத்துப்போனது. அவரோடு இருந்த இரண்டு மேய்ப்பர்களுக்கும் காய்ச்சல், அவர்கள் கிடைக் குடிசையைவிட்டு நகரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஊர் மொத்தமும் ஒரே பேச்சு, "ரஃபிலாதான் கொண்டுவந்தா" என்று. ஐந்து வாரத்துக்கு முன்னால் படியில் களி வைத்துவிட்டு இருபது அடி தள்ளி நின்றவருக்கு அவளிடமிருந்து எப்படி வரும்? யாரும் யோசிக்கவில்லை. குட்டி வாங்க வந்த லாரி வியாபாரியோடு ஒரே கிண்ணத்தில் அவர் சாராயம் குடித்ததை எல்லாரும் பார்த்தோம், ஆனால் வியாபாரி போய்விட்டான், ரஃபிலா இருக்கிறாள். நானும் தலையை ஆட்டினேன். அதுவும் உண்மை.

ஊராரின் நானூறு ஆடுகள் கிடையில் நிற்கின்றன. கறக்க ஆளில்லை. கறக்காத மடி இரண்டு நாளில் கல்லாகிவிடும், அதன்பின் அந்த ஆடு அந்தக் கோடைக்குப் பால் தராது. வீடுகளில் காய்ந்த புல்லும் தீர்ந்துவிட்டது. மே மாதம் மலைக்கு ஏற்றாவிட்டால் ஆட்டை வந்த விலைக்குத் தள்ளவேண்டியதுதான், குளிர்காலத்துக்குப் பாலாடைக்கட்டியும் கிடையாது. இது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் வேலியோரம் நின்று கிடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொட்டாவியும் விட்டோம், சாபமும் விட்டோம். ஒருவரும் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை.

ரஃபிலா நம் பழைய வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த என் ரப்பர் பூட்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எங்கே போகிறாய் என்றேன். "எனக்கு அது வந்து போயிடுச்சுன்னு நெனைக்கிறேன். திரும்ப வருமான்னு டாக்டருக்கே தெரியாது. ஆட்டுக்கு அதெல்லாம் தெரியுமா?" என்றாள். நடுத்தெருவில் நடந்து போனாள். பின்னால் யாரோ, "கொண்டுவந்தவளே போகட்டும்" என்று சொன்னார்கள். அவள் நின்று திரும்பி, "பேரைச் சொல்லிட்டுத் திட்டுங்க. உங்க ஆட்டைக் கடைசியாக் கறக்கணும்ல!" என்றாள்.

பதினாறு நாள் அவள் கிடையிலேயே இருந்தாள். அந்த இரண்டு பேருக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்து, துணியை நனைத்து நெற்றியில் போட்டு, காலையிலும் மாலையிலும் நானூறு மடி கறந்தாள். நாலாம் நாளிலிருந்து சிமியோனின் மகன் கூடப் போனான். அவன் போனதைப் பார்த்து மாடியில் தங்கிப்போன இன்னும் மூன்று பேர் போனார்கள். ஊருக்குள்ளேயே இருந்துவிட்ட நாங்கள் வேலியோரம் நிற்க, ஊர் பயந்து ஒதுக்கிய ஆட்கள்தான் ஊரின் ஆட்டைக் காப்பாற்றினார்கள். அந்தப் பெண்ணின் விரல் மூட்டுகள் வீங்கிச் சிவந்துபோனதை நான் பிறகு பார்த்தேன். நஸ்தாசியா, நான் பட்டாளத்தில் இருந்திருக்கிறேன், சுரங்கத்தில் வேலை செய்திருக்கிறேன். அவளைப்போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

பிறகு பால் அளக்கும் நாள் வந்தது. ஆட்களைக் கூட்டக்கூடாது, பட்டிக்குள் மூன்று பேருக்குமேல் நிற்கக்கூடாது. வயலின் இல்லை, சாராயம் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. மற்ற வருடங்களில் முந்தின மாலையே எல்லா ஆடும் ஒரே பட்டிக்கு வரும், எல்லார் கண்ணெதிரிலும் மடியை ஒட்டக் கறந்துவிட்டு, சேர்ந்து மேயவிட்டு, மறுநாள் அளப்போம். பால் வாளிக்குள் விடும் கீறல் போட்ட அளவுகோலில் யாருக்கு எத்தனை கீறல் நனைகிறதோ அதை வைத்துத்தான் கோடை முழுவதும் அவரவர் பங்குக் கட்டி. ஊரே கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பதால்தான் யாரும் தில்லுமுல்லு செய்யமுடியாது. இந்த வருடம் அதற்கு வழியில்லை. முந்தின நாளே அவரவர் ஆட்டை ஓட்டிப்போய், மாலையில் வீட்டிலேயே ஒட்டக் கறந்துவிட்டு, மறுநாள் முறைவைத்துக் கொண்டுவரவேண்டும் என்று முடிவானது. சத்தியத்தின்மேல்.

கோலை யார் பிடிப்பது என்று வேலிக்கு வேலி கத்திக்கொண்டார்கள். ஒருவன் பெயரைச் சொன்னால் மற்றவன் காறித் துப்பினான். அப்போது ஸ்பிரிடோன் ஆஸ்பத்திரியிலிருந்து சிமியோனின் போனுக்குக் கூப்பிட்டார். ஆக்சிஜன் குழாயோடுதான் பேசினார், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். சிமியோன் போனைத் தலைக்குமேலே தூக்கிப் பிடித்தான். "என் கோல் ரஃபிலா கையில. புடிக்காதவன் அவன் ஆட்டை அவன் வீட்டுக் கூரையில ஏத்தி மேச்சுக்கட்டும்" என்றார். பேச்சு முடிந்தது.

முந்தின மாலை நான் நம் இருபத்திரண்டு ஆடுகளையும் கறக்க உட்கார்ந்தேன். பேருக்கு ஒரு பீச்சு பீச்சிவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் அளவில் கூடுதலாக வரட்டும் என்று பாலை மடியிலேயே விட்டுவிட்டேன். இலின்கா, "அப்பா, இன்னும் இருக்கே" என்றாள். "ஆட்டுக்கு வலிக்கும், போதும்" என்றேன். மகள் முகத்தைப் பார்த்து அப்படி ஒரு பொய்யைச் சொன்னேன்.

மறுநாள் மேட்டுச்சரிவு முழுவதும் ஜனம், குடும்பம் குடும்பமாகத் தள்ளித் தள்ளி. பட்டிக்குள் ரஃபிலாவும் சிமியோன் மகனும், முறைக்கு ஓர் ஆட்டுக்காரரும். என் முறை வந்தது. கறந்து முடித்ததும் அவள் வாளிக்குள் கோலை விட்டுப் பார்த்தாள். எட்டுக் கீறல். போன வருடம் நாலேகால். அவள் கோலைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சோறு போட்டவன், தங்க இடம் கொடுத்தவன், வாளியில் தண்ணீர் தூக்கியவன் என்று கொஞ்சமாவது தயவு காட்டுவாள் என்று நினைத்தேன்.

"கவ்ரிலா அண்ணே!" என்றாள், மலைக்கே கேட்கும்படி. "உங்க ஆடெல்லாம் இத்தாலிப் பசு மாதிரி கறக்குதே! நேத்து ஒட்டக் கறக்க மறந்துட்டீங்களா, இல்ல ஞாபகம் வெச்சு விட்டுட்டீங்களா?" மேடே சிரித்தது. அவள் என் பாலை அப்படியே பொதுக்கொப்பரையில் ஊற்றிவிட்டு, "மடி இப்பத்தான் காலியாச்சு. நாளைக்கு இதே நேரம், கடைசி ஆளா வாங்க" என்றாள். என் சொந்த மகள் இரண்டு வேலி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

ஆனால் பிறகு நடந்ததைக் கேள். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு இறங்கும்போது, பின்னால் மணிச்சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். என்னைத் தவிர இன்னும் ஏழு வீட்டுக்காரர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு அடுப்பை அணைக்க மறந்துபோச்சாம். இன்னொருவனுக்குக் காலில் சுளுக்காம். அதில் ஒருத்தர் கோயில் பாட்டுக்காரர். அவர்களும் மறுநாள்தான் வந்தார்கள், முந்தின மாலை மடியை ஒட்டக் கறந்துவிட்டு. சோறு போட்ட வீட்டுக்காரனையே விடாதவள் நம்மை விடுவாளா என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஐம்பது வருடத்தில் இவ்வளவு நியாயமான அளவு நடந்ததில்லை என்று இப்போது ஊரே சொல்கிறது. எனக்கு வந்தது நாலு கீறல்.

மறுநாள் அளந்து முடித்தபிறகு அவள் வேலியோரம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஏன் அண்ணே என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். கட்டி கூடுதலாக வந்தால் கிறிஸ்துமஸுக்கு நகரத்தில் விற்கலாம், அப்போது இத்தாலிக் காசு இல்லாமல் சமாளிக்கலாம், அப்போது உன்னைத் திரும்பக் கூப்பிடலாம் என்று நினைத்தேன் என்றேன். இது சாக்கு இல்லை நஸ்தாசியா, திருட்டு திருட்டுதான். ஆனால் நினைத்தது இதைத்தான். ரஃபிலா தன் வீங்கிய விரல்களைத் துடைத்துக்கொண்டாள். "அங்க நாங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை பார்க்ல உக்காந்திருப்போம். 'இந்த வாரமாவது வரச் சொல்லுவாரா'ன்னு அவ போனைப் பாத்துக்கிட்டே இருப்பா. நீங்க ஜன்னல் அளவு சொல்லுவீங்க. அவளைக் கூப்பிடணும்னா வாயால கூப்பிடுங்க அண்ணே. பாலைத் திருடிக் கூப்பிடாதீங்க" என்றாள்.

ஆடுகளோடு இறங்கி வந்துவிட்டேன்.

ஆடுகள் மே பதின்மூன்றாம் தேதி மலை ஏறின, ரஃபிலாவும் கூடவே ஏறினாள். கட்டி காய்ச்சும் குடிசைக்குள் பெண்பிள்ளை கால் வைக்கக்கூடாது என்று கிழவர்கள் இரண்டுபேர் முணுமுணுத்தார்கள். "சரி, நீங்க ஏறி வந்து காய்ச்சுங்க, நான் இறங்கி உங்க வீட்டு வாசல்ல உக்காந்து முணுமுணுக்கிறேன்" என்றாள். அவர்களுக்கு மூட்டுவலி, ஏறவில்லை. ஸ்பிரிடோன் போன வாரம் வீடு வந்து சேர்ந்தார். பாதி ஆளாக இளைத்துவிட்டார், பத்தடி நடந்தால் உட்காரவேண்டியிருக்கிறது, ஆனால் வாய் இளைக்கவில்லை. சிமியோன் சனிக்கிழமைதோறும் தங்கைக்கு ரொட்டியும் மாவும் சுமந்துகொண்டு மலை ஏறுகிறான். மன்னிப்புக் கேட்டானா என்று தெரியாது. மூட்டையை மட்டும் வருடக்கணக்கில் சுமப்பான்போல.

முதல் கட்டி சனிக்கிழமை கீழே வந்தது. பாதியை ஈரத்துணியில் சுற்றி இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். கொஞ்சம் உப்பு அதிகம், ஆனால் நாணயமான கட்டி.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நான் வந்தால் கதவைச் சாத்துவாரா என்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். ஒன்பது வருடமாகச் சாத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் வந்துவிட்டுத் திரும்பிப் போகும்போது, இந்த வருடத்தோடு நின்றுவிடட்டுமா என்று நீ கேட்பாய். நான் கூரை என்பேன், ஜன்னல் என்பேன், மாடிப்படி என்பேன். நீயே முடிவு செய், உனக்குத் தெரியாதா என்பேன். உன்னை நான் போகச் சொன்னதும் இல்லை, வரச் சொன்னதும் இல்லை. அதைவிடக் கெட்டியாக ஒரு மனுஷன் எப்படிக் கதவைச் சாத்தமுடியும்?

நாலு கீறல் கட்டியில் குளிர்காலம் கொஞ்சம் இழுபறியாகத்தான் இருக்கும். வாழ்ந்துவிடலாம். நான் சுரங்கத்துக்குத் திரும்பப் போகமுடியாது, ஆனால் மரம் வெட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவின் பிள்ளைகள் சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம், இரு என்று கேட்டால் கேட்கட்டும். அவர்கள் அம்மாவை வேறு யாரும் பார்த்துக்கொள்ள முடியாது என்றால் அதை நீதான் முடிவு செய்யவேண்டும், அதில் நான் நுழையமாட்டேன். ஆனால் என் பக்கத்துப் பதிலைச் சொல்லாமல் இனி ஒளியமாட்டேன்.

வா, நஸ்தாசியா.

ஜூன் நடுவில் ஆட்களை ஏற்றலாம் என்கிறார்கள். லூப்புவிடம் முன்பக்கத்து இருக்கையை உனக்கு வைக்கச் சொல்லிவிட்டேன். வெறுங்கையோடு வா. காப்பித்தூள், சாக்லேட், எனக்குச் சட்டை என்று எதுவும் வாங்காதே. உடம்பு இளைத்திருந்தாலும் வா. என்மேல் கோபம் தீரவில்லையென்றால் அதையும் எடுத்துக்கொண்டே வா. எல்லையில் காய்ச்சல்தான் பார்க்கிறார்கள், கோபத்தைப் பார்க்கமாட்டார்கள். வந்து, பதினான்கு நாளும் மேலேயிருந்து என்னைத் திட்டு. ஊர் முழுவதும் கேட்கட்டும். நான் மரம் வெட்டப் போகாமல் கீழே முற்றத்தில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடவுளும் அவர் தாயும் உன் மூச்சைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். வழியெல்லாம் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன்னைக் கூப்பிடத் தெரியாமல் இத்தனை வருடம் இருந்துவிட்ட
கவ்ரிலா